தூரமோ என்று மட்டும் கேட்டவர்

பாறை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். கைபேசி அடித்தது, விட்டுவிட்டேன். திரும்பத் திரும்ப அடிக்கவே, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். எங்கள் பழைய ஜீப் சாரதி சிவலிங்கண்ணன். போனில் எப்போதும் கத்துகிற மனிதர், அன்றைக்குக் கத்தவில்லை. "புள்ள, நம்மட எஸ்தர் டொக்டர் மோசம் போயிட்டா. கல்லடி வீட்டிலதான். காலமை தேத்தண்ணி குடிச்சுத்துக் கதிரையில சாஞ்சாவாம்." நான் ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. "சீனி போடாத தேத்தண்ணியா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "ஓம் புள்ள, சீனி போடாததுதான்" என்று சொல்லிவிட்டு அவர் அழத் தொடங்கினார்.

டொக்டர் எஸ்தர் அருள்ரெத்தினத்தை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: போர்க்காலம் முழுக்க அவர் எங்கள் மாவட்டத்தின் மலேரியாத் தடுப்பு வைத்திய அதிகாரி. பிறகு, அயல்நாடுகள் ஒன்று சேர்ந்து மலேரியாவை ஒழிக்கத் தொடங்கிய வேலைத்திட்டத்தின் இணைப்பாளர். நான் அவருடைய ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குந்தியிருந்தவள். வயதில் நான் கொஞ்சம் மூத்தவள், பதவியில் அவர் பெரியவர். அதனால் அவர் என்னைப் பவளக்கா என்பார், நான் அவரை டொக்டர் என்பேன். சண்டை பிடிக்கும்போது மட்டும் இரண்டு பேரும் அதை விட்டுவிடுவோம்.

இறந்த செய்தியோடு அவரை 'இரும்புப் பெண்மணி' என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இரும்பாவது! கரப்பான் பூச்சியைக் கண்டால் கதிரையில் ஏறுகிற ஆள். கைப்பைக்குள் எப்போதும் தோலோடு வறுத்த நிலக்கடலை, எங்கள் கச்சான், இருக்கும். கூட்டங்களில் அதிகாரிகள் பேசும்போது தோல் உடைக்கிற சத்தம் கேட்கும். ஒரு ஸ்லைடில் சாயம் சரியாக ஏறாவிட்டால் அதைக் குப்பையில் போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார், அந்தப் பார்வைக்குப் பேச்சு வாங்குவதே மேல். வாய்விட்டுப் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கவலை இருந்தது. ஒரு காய்ச்சல் எங்கே பிடித்தது என்று தெரியாமல் மலேரியாவை ஒழிக்க முடியாது. அதைக் கேட்கப்போய், காய்ச்சல்காரனுக்கே ஆபத்து வந்துவிடக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் கடைசிவரை நின்றார்.

அந்தக் காலத்தில் வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை இராணுவத்தின் கையில், அந்தப் பக்கம் படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில். மண்முனைத் துறையில் பாதையில் ஏறி அக்கரைக்குப் போவோம். 'பாதை' என்றால் எங்களுக்கு வாவியைக் கடக்கிற மிதவை. இக்கரையில் ஒருவர் பையைத் திறந்து பார்ப்பார், அக்கரையில் இன்னொருவர் திறந்து பார்ப்பார். படுவான்கரையில் ஒரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டு மகனுக்குக் காய்ச்சல். எங்களோடு வந்த வெளிக்கள உத்தியோகத்தர் நல்ல மனிதர், வேலையில் கவனமானவர். வழக்கப்படி தாயிடம் கேட்டார்: "மகன் இந்தக் கிழமைக்குள்ள எங்கயும் போய் வந்தவரோ? எங்க போனவர்?" உலக்கையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. "ஒரு இடமும் போகல்ல" என்றாள். அடுத்த முறை மருந்தோடு நாங்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அயல்வீட்டுக்காரி எங்களைப் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது பாதையின் விளிம்பில் நின்று டொக்டர் கச்சான் தோலைத் தண்ணீரில் எறிந்துகொண்டிருந்தார். பாதை வாவி நடுவுக்கு வந்ததும் சொன்னார்: "எங்க போனா எண்டு கேக்கிறது ஆர் பவளக்கா? செக்பொயின்டில நிக்கிறவன் கேக்கிறான். அங்கால நிக்கிறவனும் கேக்கிறான். அதே கேள்விய நாமளும் கேட்டா, நம்மள ஆரெண்டு நினைப்பாங்க?" பிறகு அவராகவே, "நம்மட ஊரில வெளிக்கிட்டுப் போறவங்களை எங்க போறீங்க எண்டு கேக்கமாட்டமே. தூரமோ எண்டுதானே கேப்பம். அதையே வந்தவங்களிட்டயும் கேப்பம்" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். ஆகவே தூரமோ என்று கேட்போம். அவர் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டு நடக்கலாம், விரும்பினால் ஊரைச் சொல்லலாம். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் 'எங்கே' என்ற சொல்லுக்குத் தடை. தூரம் என்றால் காய்ச்சல் வெளியே பிடித்தது, கிட்ட என்றால் ஊருக்குள்ளேயே நோய் பரப்புகிற நுளம்பு இருக்கிறது, போய்த் தேட வேண்டும். எங்கள் வேலைக்கு அதுவே போதுமாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், இதெல்லாம் விஞ்ஞானமா என்று கேட்டார். "விஞ்ஞானத்துக்கு இரத்தம் வேணும் ஐயா. சனம் விரலைத் தந்தாத்தான் இரத்தம் வரும்" என்றார் டொக்டர்.

இராணுவத்தினருக்கும் அதே கேள்விதான். மண்முனைத் துறையில் காவலுக்கு நின்ற ஒரு சிங்களப் படைவீரன் நடுங்கிக்கொண்டே எங்கள் பையைச் சோதித்தான். கண் சிவந்திருந்தது. டொக்டர் அவன் நெற்றியில் கை வைத்துவிட்டார். எனக்கு உயிர் போய் வந்தது, அவன் தோளில் துப்பாக்கி அல்லவா! எந்தப் போர்முனையிலிருந்து வந்தான் என்பதைச் சொல்ல அவனுக்கும் அனுமதி இல்லை. டொக்டர் "துரத?" என்று கேட்டார். சிங்களத்திலும் அந்தச் சொல் கிட்டத்தட்ட அதுதான். அவன் அதிகாரி இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, ஓம் என்று தலையை ஆட்டினான். அங்கேயே விரலில் குத்தி இரத்தம் எடுத்தோம், மாலையில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தோம். கசக்கிறது என்று அவன் முகத்தைச் சுளிக்க, "விழுங்கு விழுங்கு" என்று டொக்டர் தமிழிலேயே அதட்டினார்.

சுனாமி அன்று அவர் நகரத்தில், கோயில் ஆராதனையில் இருந்தார். மெதடிஸ்த குடும்பம். கல்லடியில் கடற்கரைப் பக்கம் இருந்த வீட்டில் தங்கை மட்டும் நின்றிருந்தாள். தங்கை கிடைக்கவேயில்லை. அதை அவர் என்னிடமும் சொல்லவில்லை, சிவலிங்கண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சனங்கள் தஞ்சம் அடைந்திருந்த பாடசாலைகளுக்கு இரத்தம் எடுக்க நாங்கள் போனபோது அவரும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். "வீட்ட இரிங்க டொக்டர்" என்றேன். "வீடு எங்க இரிக்கு?" என்றார்.

அந்தப் பாடசாலைகளில் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அலை வரும்போது எங்கே நின்றீர்கள், யாரை விட்டீர்கள். படம் பிடிக்க வந்தவர்களும் அதையே கேட்டார்கள். டொக்டர் மட்டும் ஒவ்வொரு பாயருகிலும் குந்தி, "சாப்பிட்டீங்களா? காய்ச்சல் இரிக்கா?" என்று இரண்டை மட்டும் கேட்டார். ஒரு வெளிநாட்டு ஆலோசகர் புகை அடிக்கும் இயந்திரங்களோடு வந்து நின்றார். புகை வந்தால் சனம் மகிழ்கிறது, பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள், படமும் நன்றாக விழும். டொக்டர் என் காதுக்குள், "சாம்பிராணி போடுறார் பவளக்கா, சாமி சந்தோசப்படும், நுளம்பு சாகாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை சாவுக்கு நடுவில் நான் சிரித்ததற்காக அன்று முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டேன். அவருக்கோ நான் சிரித்தது பிடித்திருந்தது.

போர் முடிந்து, மாவட்டத்தில் மலேரியாவும் அடங்கி, ஸ்லைடுகளில் ஒன்றுமே இல்லாத காலம் வந்தது. ஒன்றும் இல்லாததை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு சலிப்பு என்று அந்த வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் இனிமேல் வருகிற காய்ச்சல் கடலைத் தாண்டித்தான் வரும். ஆகவே அயல்நாடுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும். அந்த இணைப்பாளர் வேலை அவருக்கு வந்தபோது வாழ்த்தப் போனோம். "நான் முதல்ல இரிந்தே ரெண்டு நாட்டுக்கு நடுவிலதானே வேலை செய்தனான். இப்ப நாடு கொஞ்சம் கூடிப் போச்சு" என்றார். அக்கரையில், தமிழ்நாட்டில், அவரோடு தொடர்பில் இருந்தவர் ராஜகோபால் என்ற வைத்தியர். இவர் 'டொக்டர்' என்பதை அவர் கேலி செய்வார், அவர் 'டாக்டர்' என்பதை இவர் கேலி செய்வார். எங்கள் சனம் அகதி முகாம்களிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் இந்த இரண்டு பேரும்தான் முதலில் போனில் கதைத்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். வேந்தன் என்று வைத்துக்கொள்வோம், அது அவன் பெயரல்ல. வடக்குப் பக்கத்து வாவிக்கரை ஊர்க்காரன். காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான். டெங்குக் காலம், இளம் வைத்தியர்கள் மலேரியாவைக் கண்ணால் கண்டதில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாரோ ஒருவர் சந்தேகப்பட்டு ஸ்லைடை எனக்கு அனுப்பினார். பார்த்தேன். திரும்பப் பார்த்தேன். கடவுளே, மூளைக்கு ஏறி ஆளைக் கொல்லுகிற வகை! மருந்து தொடங்கினார்கள். எங்கேயும் போனாயா என்று கேட்டால், "இல்ல, வீட்டிலதான் இரிந்தன்" என்கிறான். அப்படியானால் நோய் இங்கேயே பிடித்திருக்கிறது. மலேரியா இல்லை என்று நாடு காத்து வந்த காலமெல்லாம் வீண். கொழும்பிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள், அவன் ஊரில் வீடு வீடாகக் கேள்வி கேட்பார்கள். விடுமுறைக்குக் கல்லடிக்கு வந்திருந்த டொக்டருக்குச் சொன்னேன். உடனே வந்துவிட்டார்.

கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவனுக்குக் கச்சான் நீட்டினார். காய்ச்சல்காரன் கச்சான் தின்பானா? வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். "தூரமோ மனே?" என்றார். அவன் கச்சானைத் தலையணையருகே வைத்தான். பிறகு, "ஓம். கன தூரம்" என்றான்.

எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை. படகில் வேறு தேசத்துக்குப் போகப் புறப்பட்டு, இடையில் ஏதோ ஒரு நாட்டில் காட்டோரம் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து திரும்பிய பொடியன்கள் அந்த நாட்களில் பலர் இருந்தார்கள். "தனியவா, கூட்டமா?" என்றார். "கூட்டம்." "அவங்களுக்கும் காய்ச்சல் வரும் மனே. இது கொல்லுற காய்ச்சல்." அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பெயர் சொல்லச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். எங்கள் ஊரில் பெயர் சொல்வது என்றால் காட்டிக்கொடுப்பது, அதன் பிறகு என்ன நடக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

டொக்டர் தன் போனை அவன் கையில் வைத்தார். "நீ எனக்கு ஒண்டும் சொல்லவேணாம். நீயே அவங்களுக்கு எடு. எந்த ஊரில இரிந்தாலும் கிட்ட உள்ள மலேரியா ஒபிசுக்குப் போய், 'தூரம் போய் வந்தனான்' எண்டு மட்டும் சொல்லச் சொல்லு. ஒரு கேள்வியும் கேக்காம இரத்தம் எடுப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு. எடுத்த நம்பரெல்லாம் அழிச்சுப் போட்டுத் தா, எனக்கு அது தெரியாது. நான் வெளியில நிக்கிறன்." என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வார்ட் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்தே என் போனில் ராஜகோபாலையும் மற்ற ஊர்களின் மலேரியா அதிகாரிகளையும் அழைத்து அந்தச் சொல்லை ஒப்புவித்தார்.

வந்தார்கள். மலைநாட்டில் ஒருவன் வந்தான். மன்னார்ப் பக்கம் ஒருவன். பிறகு ராஜகோபாலின் குரல்: "மேடம், 'தூரம் போய் வந்தனான்'னு ஒருத்தர் வந்து நிக்கிறாரு. பாசிட்டிவ். மாத்திரை குடுத்தாச்சு. நான் எதுவும் கேக்கல." டொக்டர் போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். வரும்போது முகம் கழுவியிருந்தார். பிறகு கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்து, மற்றவர்கள் யார் என்று விசாரித்தார். தெரியாது என்றார் டொக்டர். அதிகாரி நம்பவில்லை. அவர் போன பிறகு என்னிடம், "பொய் சொல்லல்ல பவளக்கா. எனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டன்" என்றார்.

ஆனால் ஒருவன் வரவில்லை. அக்கரையில், தமிழ்நாட்டில், ஒரு நகரத்து வாடகை அறையில் காய்ச்சலோடு கிடந்து செத்துப்போனான். இவர்களோடு போய் வந்தவன் என்பதும், அதே நோய் என்பதும் பிறகுதான் தெரிந்தன. "மேடம், ஒருத்தரை விட்டுட்டோம்" என்றார் ராஜகோபால். அயல்நாடுகளின் அடுத்த கூட்டத்தில் ஒருவர் எழுந்து, பெயர்களைக் கேட்டு வாங்கியிருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும் என்று நேராகவே சொன்னார். டொக்டர் மறுக்கவில்லை. கேட்டிருந்தால் மற்றவர்களும் வந்திருக்கமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்று அவர் கைப்பையைத் திறக்கவேயில்லை.

சுனாமிக்குப் பிறகு திரும்பக் கட்டிய கல்லடி வீட்டு விறாந்தையில் ஒருநாள் திடீரென்று கேட்டார்: "பெயரைக் கேட்டிரிந்தா அந்தப் பிள்ளை இரிப்பான் என்ன, பவளக்கா?"

"கேட்டிரிந்தா ஒருத்தனும் வந்திரிக்கமாட்டான் டொக்டர்."

"அது எனக்குத் தெரியும். நான் கேட்டது அதில்ல."

எனக்கு எரிச்சல் வந்தது. "அப்ப வேந்தனிட்டயே ஒரு சொல் கேளுங்களன், அவனுக்கு எடுத்தியாடா எண்டு. எடுக்க மறந்தானோ, பயந்தானோ, தெரிஞ்சிரும்தானே." அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். "வெளியில நிக்கிறன் எண்டு சொன்னா வெளியிலதான் நிக்கோணும். மறுகா ஒருநாள் வந்து எட்டிப் பாத்தா, அண்டைக்குச் சொன்னதும் பொய்யாப் போயிரும்." எத்தனையோ தடவை இதே சண்டை பிடித்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் அவரே வென்றார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளையைப் பற்றிய பேச்சை அவரேதான் திரும்பத் தொடங்குவார்.

அடக்கம் முடிந்து கல்லடி வீட்டுக்குத் திரும்பினோம். பந்தலில் ஒருவன் மனைவி பிள்ளையோடு நின்றான். கொஞ்சம் தடித்திருந்தான், அடையாளம் பிடிக்க எனக்கு நேரம் எடுத்தது. வேந்தன். வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே தொடங்கினான்.

"மிஸ், அக்கரையில செத்தவன் இரிக்கானே, அவனுக்குத்தான் நான் முதல் எடுத்தன். போய் அந்த ஒரு சொல்லைச் சொல்லு, ஒண்டும் கேக்கமாட்டாங்க எண்டன். சிரிச்சான். 'கேக்காத ஆக்கள் உலகத்தில இரிக்காங்களாடா?' எண்டான். காய்ச்சல் விட்டுத்து, திரும்ப வந்தாப் போறன் எண்டான். அவ்வளவுதான் மிஸ்."

"டொக்டரிட்ட சொன்னியா?"

வாயை அடக்குமுன் கேட்டுவிட்டேன். அவன் திடுக்கிட்டான். "அவக்குத் தெரியுந்தானே எண்டு நினைச்சன். அவ ஒருநாளும் கேக்கல்லயே."

எனக்கு வந்த கோபம் அவன்மேல் அல்ல. அந்தக் கல்லறைக்கே திரும்பிப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டும்போல் இருந்தது. டொக்டர், உங்கள் ஏற்பாட்டில் பிழை இல்லை. அந்தப் பிள்ளைக்குச் செய்தி போயிருக்கிறது. அவன்தான் நம்பவில்லை, நம்புகிற மாதிரி உலகம் அவனை வைத்திருக்கவில்லை. ஒரு சொல் கேட்டிருந்தால் இத்தனை காலம் நீங்கள் அதைச் சுமந்திருக்கத் தேவையில்லை. கேட்கமாட்டீர்கள் என்றும் தெரியும். கேட்கிற ஆளாக இருந்தால் மற்றவர்கள் பிழைத்திருக்கமாட்டார்கள். இதை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்: நீங்கள் கேட்ட அந்த ஒற்றைக் கேள்வியையும், கேட்காமலே கொண்டுபோன மற்றதையும்.

பந்தலில் தேத்தண்ணி கொடுத்தார்கள். சீனி போட்டிருந்தார்கள். வேந்தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பினான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"போயித்து வாறம் மிஸ்."

"தூரமோ மனே?" என்றேன்.

"இல்ல மிஸ், கிட்டத்தான்" என்றான். ஊரைச் சொன்னான், தெருவைச் சொன்னான், நான் கேட்காமலே சொன்னான். வாசல் வரை போய்த் திரும்பி நின்றான். "ஒருநாள் வாங்க மிஸ். என்ட பேரைச் சொல்லி ஆரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க."